கால் சுற்று

இரவு இரண்டு மணிக்கு
மாவு பிசையும் எந்திரம்
கல்லை மெல்வதுபோல் நறநறத்து
நின்றுவிட்டது.
பேரிங் போச்சு.
போன பேரிங் உட்கார்ந்திருப்பது
பெரிய பற்சக்கரத்தின் முதுகுக்குப் பின்னால்.
தொட்டியில் நாற்பது கிலோ மாவு.
ஈஸ்ட் போட்டாயிற்று,
இனி அது யார் சொல்லையும் கேட்காது.
வெளியே கியூம்ரி நகரமே
முழங்கால்வரை பனியில் புதைந்து நின்றது.

நான் சுத்தியலைத் தேடினேன்.
முதலாளி சத்தெனிக் தொலைபேசியைத் தேடினாள்.
அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது.

வந்தவள் பெயர் அர்ஷலூயிஸ்.
விடியல் என்று பொருள்.
வந்தபோது மணி இரண்டே முக்கால்.
காலுறை ஆலையில் ஃபிட்டர்.
கோட்டுப் பையிலிருந்து
ஜோடி தொலைந்த காலுறை ஒன்றை எடுத்து உதறினாள்;
மூன்று கால் புல்லர் ஒன்று
மேசையில் விழுந்தது.

"சுத்தியலைக் கீழே வை, பார்கேவ்.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும்.
இது நகராது, பல்தான் போகும்.
யார் பல் என்று நான் சொல்லவில்லை."

மூன்று கொக்கிகளையும்
சக்கரத்தின் விளிம்புக்குப் பின்னே மாட்டினாள்.
உடும்புப்பிடி.
நடுவில் திருகு,
அதன் மூக்கு தண்டின் நெற்றியில்.
ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப
திருகு தண்டைத் தள்ளுகிறது,
கொக்கிகள் சக்கரத்தை இழுக்கின்றன.
எதைவிட்டுப் பிரிய வேண்டுமோ
அதன்மேலேயே சாய்ந்துகொண்டு பிரிகிற வேலை.
என் தம்பி ரஷ்யாவுக்கு லாரி ஏறிய வருடம் அது.
ஏறும்போது
என் தோளைத்தான் பிடித்து ஏறினான்.

கால் சுற்று.
அசையவில்லை.
இன்னொரு கால்.
திருகு முனகியது.
மூன்றாவதற்கு அவள் முகம்தான் சிவந்தது.
சக்கரம்
கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட மாமனைப்போல்
உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்பேனரைக் கழற்றி வைத்தாள்.
"விடு. இறுக்கம் உள்ளே வேலை செய்யட்டும்.
நமக்கு மாவு இருக்கிறது."

கை கழுவினாள், இரண்டு தரம்.
நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது.
நாற்பது கிலோவை நான்கு பங்காக்கி
மூன்று பேர் பிசைந்தோம்.
நான்காவது பங்கு
எங்களைப் பார்த்துப் பொங்கிக்கொண்டிருந்தது.
யாரும் பேசவில்லை.
சத்தெனிக் மட்டும் ஒருமுறை
மூக்கைச் சொறிந்துவிடச் சொன்னாள்,
யாருக்கும் கை காலியில்லை.

மூன்றே முக்காலுக்கு
டணார் என்று ஒரு சத்தம்.
துப்பாக்கி என்று நினைத்து நான் குனிந்தேன்.
யாரும் தொடாமலே
சக்கரம் ஒரு விரற்கடை முன்னால் வந்து
மூன்று காலுக்குள் அடக்கமாக நின்றது.
அர்ஷலூயிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"வந்துவிட்டதா" என்றாள்,
பள்ளிவிட்டு வந்த பிள்ளையைக் கேட்பதுபோல்.
பிசைந்துகொண்டே இருந்தாள்.

நாங்கள் சுடும் ரொட்டிக்கு மத்னகாஷ் என்று பெயர்.
விரலால் இழுத்தது என்று அர்த்தம்.
அன்றைக்கு மாவில் கோடு இழுத்தது அவள்.
நான்கு விரல் போகவேண்டிய இடத்தில்
மூன்றே விரல்,
கை அப்படித்தான் பழகியிருந்தது.
முதல் ரொட்டி கோணல்.
அதை அவளே எடுத்துக்கொண்டாள்.
கூலி எவ்வளவு என்றதற்கு
பேரிங் விலையை மட்டும் சொன்னாள்.
புல்லரைத் துடைக்காமல்
காலுறைக்குள் போட்டுக்கொண்டு
பனியில் இறங்கினாள்.

மார்ச் மாதம் ஆலையில்
ஏதோ ஒரு எந்திரத்தின் சக்கரத்தைக் கழற்றும்போது
திருகின் புரிகளிலிருந்து
காய்ந்த மாவு உதிர்ந்ததாம்.
ரொட்டி வாங்க வந்தபோது சொன்னாள்.
சொல்லும்போது சிரிக்கவில்லை.
"அன்றே எண்ணெய் போட்டிருக்க வேண்டும்,
மாவு புரியைக் கெடுக்கும்" என்றாள்,
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு.